போர்ட் ஸ்கேன் செய்யும் கருவி, ஒரு போர்ட் திறந்திருப்பதை எப்படித் தெரிந்துகொள்கிறது?

போர்ட் என்பது ஒரு கணினியில் சேவைகள் காத்திருக்கும் எண்ணிட்ட வாசல். போர்ட் ஸ்கேனர் எதிர்முனைக் கணினிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு பாக்கெட்டை (சிறு தரவுத் துண்டை) அனுப்பிவிட்டு, என்ன பதில் வருகிறது அல்லது பதிலே வராமல் போகிறதா என்பதை வைத்துத்தான் முடிவு கட்டுகிறது.

முதலில் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு தரவு அனுப்பும் நெறிமுறையான டிசிபியில் இந்த முடிவைப் பெரும்பாலும் நம்பலாம். 22-ஆம் போர்ட்டுக்கு, இணைப்பைக் கேட்கும் ஒரு சின் (SYN) பாக்கெட் போவதாகக் கொள்வோம். அங்கே, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவை காத்திருந்தால், எதிர்முனையின் இயங்குதளம் நாம் அனுப்பிய வரிசை எண்ணுடன் ஒன்றைக் கூட்டி, அதை ஒப்புகையாகக் கொண்ட சின்-ஆக் பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும். அந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று பொருள். எந்தச் சேவையும் காத்திருக்கவில்லை என்றால், இணைப்பை மறுக்கும் ஆர்எஸ்டி (RST) பாக்கெட் வரும். அது மூடிய போர்ட்.

1997-இல் கார்டன் லயன் வெளியிட்ட என்மேப் என்ற ஸ்கேனர், ரூட் (முழு நிர்வாகி) உரிமையுடன் இயங்கும்போது, இணைப்பை முழுமையாக்கும் மூன்றாவது பாக்கெட்டை அனுப்புவதே இல்லை. அந்தச் சின் பாக்கெட்டை என்மேப் நேரடியாக உருவாக்கி அனுப்பியதால் நம் கணினியின் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) அதைப் பற்றி எதுவும் தெரியாது. ஆகவே, தான் கேட்காத இணைப்புக்கு வந்த சின்-ஆக்கைக் கண்டதும் அதுவே ஆர்எஸ்டி அனுப்பி முறித்துவிடுகிறது. இணைப்பு முழுமையடையாததால் எதிர்முனைச் சேவையின் பதிவுகளில் இது பொதுவாக ஏறாது என்றாலும், ஊடுருவலைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் எளிதில் கண்டுகொள்வதால், இதை ‘மறைவான ஸ்கேன்’ என்று இன்னும் சொல்வது மிகை என்பது என் கருத்து. ரூட் உரிமை இல்லையென்றால் வழக்கமான முழு இணைப்பையே ஏற்படுத்திப் பார்க்கும்.

சிக்கல் மௌனத்தில்தான் இருக்கிறது. மறுபடி அனுப்பியும் டிசிபியில் பதில் வராவிட்டால், இடையில் ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கியிருக்கலாம் என்று கருதி, வடிகட்டப்பட்டதாகக் குறிக்கிறது. இணைப்பு ஏற்படுத்தாமலே தரவு அனுப்பும் நெறிமுறையான யுடிபியில், இப்படிப் பாக்கெட்டுகளைப் பரிமாறி இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கலே கிடையாது. மூடிய போர்ட் என்றால் ‘போர்ட்டை அடைய முடியவில்லை’ என்ற ஐசிஎம்பி செய்தி (வலையமைப்பில் பிழைகளைத் தெரிவிக்கும் செய்தி) வரும், பதிலே இல்லையென்றால் திறந்ததா, வடிகட்டப்பட்டதா என்று பிரித்தறிய முடியாது. லினக்ஸ் இந்தச் செய்திகளை வினாடிக்கு ஏறத்தாழ ஒன்று என மட்டுப்படுத்துவதால், 65,536 யுடிபி போர்ட்டுகளையும் பார்த்து முடிக்க 18 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

சோதிப்பது உங்கள் சொந்த சர்வர் என்றால், அதற்குள் நுழைந்து காத்திருக்கும் சாக்கெட்டுகளின் (சேவைகள் திறந்து வைத்திருக்கும் இணைப்பு முனைகளின்) பட்டியலை எடுத்து, வெளியிலிருந்து செய்த ஸ்கேனுடன் ஒப்பிடுங்கள். பட்டியலில் இருந்தும் ஸ்கேனில் தென்படாதவை, ஒன்று ஃபயர்வால் தடுத்தவையாகவோ, அல்லது அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய 127.0.0.1 முகவரியில் மட்டும் காத்திருப்பவையாகவோ இருக்கும்.