சோலைக்குள் கூடாரம் போடலாமா?

கேள்வி: ஜூன் கடைசியில் கோத்தகிரி லாங்வுட் சோலைக்குப் போகிறோம். உள்ளேயே கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கலாமா? அட்டை கடித்தால் என்ன செய்வது?
– வாசகி, திருப்பூர்

பதில்: தங்க முடியாது. அது சுமார் 116 ஹெக்டேர் காப்புக்காடு. 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறை அனுமதியோடு பகலில் நடக்கலாம். நீலகிரிக்குள் வர வண்டிக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) வேண்டும்.

கூடாரத்தைக் காட்டுக்கு வெளியே, அனுமதியுள்ள இடத்தில் அடியுங்கள். காலையில் துணியின் உட்புறம் சொட்டினால் மழை ஒழுகியதாக நினைக்க வேண்டாம். உங்கள் மூச்சின் ஈரம்தான் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்தால் இப்படித்தான் ஆகும். மேல் காற்றுத்துளையை நான்கு விரல் அகலம் திறந்து வையுங்கள்.

அட்டைக்கு வருவோம். நெருக்கமாக நெய்த நீளக் காலுறைக்குள் பேன்ட்டைச் செருகுங்கள். எல்லோரும் உப்பு மூட்டையைத் தூக்கிப் போவார்கள். மழையில் அது கரைந்துவிடும். கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்பைக் கொட்டுவதும், நெருப்பு வைப்பதும் தவறு. வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடும், சீழ் பிடிக்கலாம். மெல்லிய முனைதான் வாய்; அதன் ஓரத்தில் நகத்தைப் பக்கவாட்டில் தள்ளுங்கள், பிறகு தடித்த முனையை. அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது; வெகுநேரம் கசிந்தால் பதறாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்பட்டும்.