வெங்காய நடவுக் கருவிக்குக் காப்புரிமை: காணொளி வெளியான பிறகும் வழி உண்டா?

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “பவர் டில்லரின் பின்னால் மாட்டிச் சின்ன வெங்காயம் நடும் கருவி ஒன்றைச் செய்திருக்கிறேன். சக்கரம் ஓடிய தூரத்தைச் சென்சார் அளக்கும். குறித்த இடைவெளிக்கு ஒன்றாகக் கரண்டி விதை வெங்காயத்தை எடுத்துப் போடும். அடியில் உள்ள சுழலும் புனல் அதை வேர்ப்பக்கம் கீழாகத் திருப்பி மண்ணில் இறக்கும். லேத் பட்டறைக்காரர் ஒருவர் உடனிருந்து உதவினார். மூன்று மாதத்துக்கு முன் பக்கத்துத் தோட்டத்தில் ஓட்டிப் பார்த்தபோது எடுத்த காணொளியை என் மருமகன் யூடியூபில் போட்டுவிட்டார். இனிக் காப்புரிமை கிடைக்குமா? எவ்வளவு செலவாகும்? வரைபடத்தை எனக்கே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்துக்கொண்டால் போதும் என்கிறார்களே, அது சரியா?”

பதிவுத் தபால் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். நம் நாட்டில் முன்னுரிமை விண்ணப்பம் தாக்கலான தேதிக்கே உண்டு. யார் முதலில் யோசித்தார் என்பதற்கு இல்லை. பிரிக்காத உறை உங்களுக்கு எந்த உரிமையையும் ஈட்டித் தராது.

அவசரமான விஷயம் காணொளிதான். விண்ணப்பத் தேதிக்கு முன் பொதுமக்கள் அறியும்படி வெளியான எதுவும் புதுமை அல்ல என்பதே சட்டத்தின் அடிப்படை. கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தாலும் அப்படித்தான். அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்குக் கிடைக்கும் ஓராண்டுச் சலுகை போன்ற பொதுவான ஏற்பாடு இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் இல்லை; குறிப்பிட்ட சில விதிவிலக்குகளே உண்டு. அவற்றில் இரண்டு உங்களுக்குப் பொருந்தக்கூடும். கருவியின் தன்மையால் அதைப் பொதுவெளியில்தான் சோதிக்க முடியும் என்றால், நியாயமான சோதனைக்காக விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் அப்படி இயக்கிப் பார்த்ததைக் காரணம் காட்டிக் காப்புரிமையை மறுக்க முடியாது என்கிறது 32ஆம் பிரிவு. நடவுக் கருவியை வீட்டுக்குள் ஓட்டிப் பார்க்க இயலாது என்பதால், பக்கத்துத் தோட்டத்தில் ஓட்டியதை இதன்கீழ் வாதிட இடமிருக்கிறது. மற்றொன்று, உங்களிடமிருந்து பெற்ற விவரத்தை உங்கள் சம்மதமின்றி ஒருவர் வெளியிட்டிருந்தால், அதை அறிந்தபின் தாமதமின்றி விண்ணப்பித்தவருக்கு 29ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு. மருமகன் உண்மையிலேயே உங்களைக் கேட்காமல் போட்டிருந்தால் மட்டுமே இதைச் சொல்லுங்கள். அதற்குள் கருவியை வணிக நோக்கில் இயக்கத் தொடங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆகவே விற்பதும் வாடகைக்கு விடுவதும் விண்ணப்பத்துக்குப் பிறகுதான்.

காணொளியில் உண்மையில் என்ன தெரிகிறது என்பதை நிதானமாகப் பாருங்கள். மூடியோடு கருவி ஓடுவதும் பாரில் வெங்காயம் வரிசையாக நிற்பதும் மட்டுமே தெரிந்தால், புனல் எப்படித் திருப்புகிறது என்பது இன்னும் வெளியாகவில்லை என்று வாதிடலாம். மூடியைத் திறந்து காட்டியிருந்தால் நிலைமை கடினம். எப்படியிருந்தாலும் அதை நீக்கிவிடுங்கள். நீக்கியதால் வெளியானது வெளியாகாததாகிவிடாது. மேலும் பரவாமல் தடுக்கலாம், அவ்வளவே.

அடுத்து, எதற்குக் காப்புரிமை கேட்பது? பலரும் இங்கேதான் வழி தவறுகிறார்கள் என்பது என் அனுபவம். குறிப்பிட்ட இடைவெளியில் நட்டால் விளைச்சல் கூடும் என்பது வேளாண் முறை. 3ஆம் பிரிவு அதற்குக் காப்புரிமை இல்லை என்கிறது. சென்சாரை இயக்கும் நிரலுக்கும் தனியாகக் கிடையாது. அறிந்த கருவிகளை ஒன்றோடொன்று சேர்த்து, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தால் அந்தச் சேர்க்கைக்கும் கிடையாது. கடைசியாகச் சொன்னதே உங்களுக்குப் பெரிய தடை: பவர் டில்லர், தூரம் அளக்கும் சென்சார், கரண்டி மூன்றும் ஏற்கெனவே இருப்பவை.

இதில் உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் அளித்த தீர்ப்பு ஒன்றைப் பட்டறை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பாத்திரத் தொழில் செய்த இரு நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கு அது. லேத்தில் கடைசல் பிடிக்கும்போது பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஓர் அமைப்புக்கு 1951இல் விண்ணப்பித்துக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். அதனால் வேலை எளிதானது, ஆபத்தும் குறைந்தது. ஆனாலும் முன்பே அறிந்த அமைப்பைத் தொழில் தெரிந்தவர் யாரும் செய்யக்கூடிய அளவில் மாற்றியதே அது, வெறும் பட்டறைத் திருத்தம் என்று கூறி நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. பயன் இருப்பது போதாது. கண்டுபிடிப்பும் இருக்க வேண்டும்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், உங்கள் கருவியின் உயிர் புனலில்தான் இருக்கிறது. சென்சாரின் குறிப்புக்கு ஏற்பக் கரண்டியும் புனலும் இசைந்து இயங்கி, தாறுமாறாக வந்த குமிழை நிமிர்த்தி நடுகிறது என்றால், அது பகுதிகளின் வெறும் கூட்டல் அல்ல. உரிமைக்கோரலை, அதாவது எதற்குப் பாதுகாப்பு கேட்கிறீர்கள் என்று சொல்லும் பகுதியை, அதைச் சுற்றியே எழுதும்படி விண்ணப்பம் தயாரிக்கும் காப்புரிமை முகவரிடம் சொல்லுங்கள். “மூன்று கரண்டி” என்று எழுதினால் நான்கு கரண்டி வைத்து ஒருவர் தப்பிவிடுவார். “ஏதேனும் ஒரு திருப்பும் அமைப்பு” என்று அகலமாக எழுதினால் பழைய கருவிகள் குறுக்கே வரும்.

பழைய கருவிகள் என்றால் வெங்காயத்தை மட்டும் தேடிவிட்டு நின்றுவிடாதீர்கள். பூண்டுப் பல்லையும் நிமிர்த்தித்தான் நட வேண்டும். அதற்கான இயந்திரங்களுக்குச் சீனாவில் ஏராளமான காப்புரிமைகள் உள்ளன. வெளிநாட்டில் வெளியான ஆவணமும் இங்கே புதுமையைக் கெடுக்கும். கூகுள் பேட்டன்ட்ஸ், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளம் இரண்டும் இலவசம். நடவு, விதைப்புக் கருவிகள் சர்வதேச வகைப்பாட்டில் ‘ஏ01சி’ என்ற தலைப்பின்கீழ் வரும். இரண்டு மாலைகள் ஒதுக்கிப் படங்களைப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

தேடியபின் புதுமை மிஞ்சுமானால், தற்காலிக விவரக்குறிப்புடன் (கருவியை விளக்கும் முதற்கட்ட ஆவணம்) உடனே விண்ணப்பித்துத் தேதியைப் பிடித்துவிடுங்கள். முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதங்கள் உண்டு, தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். தற்காலிகம்தானே என்று ஒரு பக்கத்தில் முடித்துவிடக் கூடாது. புனலின் அமைப்பு அதில் வரைபடத்தோடு இல்லையென்றால், அந்தத் தேதி புனலுக்குக் கிடைக்காது. தமிழ்நாட்டுக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம்.

தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். அதை ஆய்வுக்கு எடுக்கக் கோருவதற்கு 4,000 ரூபாய். இந்தக் கோரிக்கையை 31 மாதங்களுக்குள் தர வேண்டும், தானாக ஆய்வு நடக்காது. காப்புரிமை கிடைத்தால், 3ஆம் ஆண்டு முதல் 20ஆம் ஆண்டு வரை உயிர்ப்புடன் வைத்திருக்க இன்றைய விகிதத்தில் மொத்தம் 72,800 ரூபாய் ஆகும். பயனில்லை என்று தோன்றும் ஆண்டில் நிறுத்திக்கொள்ளலாம். லட்சக்கணக்கில் செலவு என்று பயமுறுத்துவது பெரும்பாலும் முகவர் கட்டணத்தை வைத்துத்தான். அது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் உரிமைக்கோரல் எழுதுவதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். முறைசாராத் துறையில் கண்டுபிடிப்பவர்களுக்குக் காந்திநகரில் உள்ள தேசிய புத்தாக்க அறக்கட்டளை விண்ணப்பிக்க உதவுகிறது. அங்கும் எழுதிக் கேளுங்கள்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கருவியில் “காப்புரிமை பெற்றது” என்று எழுதுவது அபராதத்துக்குரியது. “விண்ணப்பிக்கப்பட்டது” என்று எழுதலாம். ஆனால் காப்புரிமை வழங்கப்படும் வரை நகலெடுப்பவர்மீது வழக்குப் போட முடியாது.

லேத் பட்டறைக்காரரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உங்கள் வரைபடப்படி கடைந்து கொடுத்ததோடு சரி என்றால் அவர் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார். புனலைச் சுழல வைக்கலாம் என்பது அவர் சொன்ன யோசனை என்றால், அவர் பெயரும் விண்ணப்பத்தில் இருந்தாக வேண்டும். மறைத்தால் பின்னாளில் அதுவே காப்புரிமையை எதிர்க்கக் காரணமாகும். தாக்கலுக்கு முன்பே அவரோடு உட்கார்ந்து, யார் என்ன செய்தார், வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதை முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுவிடுங்கள்.