பாங்க்வெட் சேல்ஸ் வேலை: ஆறரைக்கு வீடு திரும்ப முடியுமா?

கேள்வி: சென்னையில் ஒரு ஹோட்டலில் ஐந்து வருடமாக ஃப்ரன்ட் ஆஃபீஸில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். பாங்க்வெட் சேல்ஸுக்கு, அதாவது கல்யாணம், மீட்டிங் போன்றவற்றுக்கு ஹாலும் சாப்பாடும் புக் செய்து தரும் பிரிவுக்கு, மாறச் சொல்கிறார்கள். காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரைதான் வேலையாம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. நம்பி மாறலாமா?

பதில்: ஆடி மாதத்துக்கு அந்த நேரம் சரி. மார்கழியிலும் கல்யாணம் இல்லைதான், ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துகள் வந்துவிடும். தை, வைகாசி, ஆவணி என்றால் கதையே வேறு. ஹால் பார்க்க வரும் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமையோ, ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்கோதான் வருவார்கள். மெனுவை ருசி பார்க்கும் டேஸ்டிங்குக்கு இன்னொரு மாலை போகும்.

விசேஷ நாளைத்தான் நீங்கள் முக்கியமாக யோசிக்க வேண்டும். மெனு, ஆள் கணக்கு, மேடை விவரம் எல்லாம் எழுதி ஃபங்ஷன் பிராஸ்பெக்டஸை கிச்சனுக்கும் சர்வீஸுக்கும் கொடுத்துவிட்டால், காகிதத்தில் உங்கள் வேலை முடிந்தது. ஆனால் பெண்ணின் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே முகம் உங்களுடையது. நான் புக் செய்த ஒரு ரிசெப்ஷனில் 350 பேருக்கு கேரன்டி (குறைந்தது இத்தனை தட்டுக்குப் பணம் தருகிறோம் என்ற உறுதி) கொடுத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கே தட்டு 400-ஐத் தாண்டிவிட்டது. "நீங்கதானே பேசினீங்க?" என்று பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டபோது அங்கிருந்து நகர மனம் வரவில்லை. செஃப் அவசரமாக இன்னொரு அண்டா சாதம் வைத்துச் சமாளித்தார். தட்டுக் கணக்கில் பெண்ணின் மாமாவிடம் கையெழுத்து வாங்கும்போது மணி பன்னிரண்டேகால். மறுநாள் முகூர்த்தம் 4.30–6. மூன்றரைக்கெல்லாம் காபி தயாராக இருக்க வேண்டும், வீட்டுக்கே போகவில்லை.

அதனால் சம்மதம் சொல்லுமுன் சிலவற்றைக் கேளுங்கள். விசேஷத்தன்று கடைசிவரை நிற்பது சேல்ஸா, விருந்தை நடத்தும் ஆபரேஷன்ஸா? ராத்திரி நின்றால் மாற்று விடுமுறை உண்டா? இன்சென்டிவ் புக்கிங் ஆனதும் வருமா, பில் முழுதாக வசூலான பிறகா? வார விடுமுறைக்குச் செவ்வாயைக் கேட்டுப் பாருங்கள். அன்று பெரும்பாலும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஞாயிறு கிடைக்காது.

என் அபிப்பிராயம்: மாலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் இருந்தால் மாறுங்கள். ஃப்ரன்ட் ஆஃபீஸில் பழகிய பொறுமை இங்கே ரொம்பவே கைகொடுக்கும், வளர்ச்சியும் உண்டு. ஆள் இல்லையென்றால், கம்பெனி மீட்டிங், பயிற்சி வகுப்பு புக்கிங்குகளை மட்டும் முதலில் தரச் சொல்லுங்கள். அவை பெரும்பாலும் பகலோடு முடியும். அப்புறம், ஹெச்ஆரிடம் மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அந்த டீமில் இப்போது இருப்பவரிடம், போன தை முகூர்த்தங்களின்போது எத்தனை மணிக்கு வீடு போனார் என்று கேளுங்கள்.