தட்டு நிறைய தினை, ஒரு சில்லையும் காணோம்

கேள்வி: ராமமூர்த்தி நகரில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பால்கனியில் மண் தட்டு வைத்துத் தினையும் கம்பும் போடுகிறேன். கோடை முழுக்க 20, 30 சில்லைகள் (புல் விதை தின்னும் சின்னக் குருவிகள்), புள்ளிப்புறாக்கள், ஒரு ஜோடி மைனா என்று ஒரே கச்சேரி. ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஒன்றும் வரவில்லை. அதே தட்டு, அதே தினை. "பாட்டி, நம்ம மேல கோபமா?" என்று பேத்தி தினமும் கேட்கிறாள். நான் என்ன தவறு செய்தேன்?

– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: கோபமெல்லாம் இல்லை என்று பேத்தியிடம் முதலில் சொல்லிவிடுங்கள், சகோதரி. மல்லேஸ்வரத்தில் நானும் 11 வருடமாகத் தட்டு வைக்கிறேன். ஒவ்வொரு செப்டம்பரிலும் என் தட்டும் காற்று வாங்குகிறது.

உங்கள் பக்கத்தில் காலி மனை ஏதாவது இருக்கிறதா? பேத்தியையும் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஜூனிலிருந்து பெய்த மழைக்குப் புல் ஆள் உயரம் வளர்ந்து கதிர் விட்டிருக்கும். ஒரு சில்லை வந்து உட்கார்ந்ததும் தண்டு அப்படியே வளையும். அது விடாமல் தொற்றிக்கொண்டு, கதிரை அலகில் உருவும். பால் பிடித்த பச்சை விதை அங்கே கொட்டிக் கிடக்கும்போது, கடையில் வாங்கிய காய்ந்த தினைக்கு மாடி ஏறி வர அதற்கு என்ன அவசியம்? அதோடு மழைக்காலம்தான் சில்லை குஞ்சு பொரிக்கும் காலம். கூட்டைவிட்டு ரொம்ப தூரம் போகாது. மைனாவுக்கோ ஈர மண்ணில் புழுவும் பூச்சியும் தாராளமாகக் கிடைக்கின்றன.

எதிரே உள்ள மரத்தையும் ஒருமுறை பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் எதிர்வீட்டு சில்வர் ஓக்கில் சிறிய பறவைகளை வேட்டையாடும் ஒரு வல்லூறு வந்து தங்கியது. புறா அளவுதான் இருக்கும். ஒருநாள் சன்ஷேடில் ஒரு பிடி பழுப்பு இறகு கிடந்தது. அப்புறம் ஒன்பது நாள் எந்தப் பறவையும் எட்டிப் பார்க்கவில்லை. வல்லூறும் பசிக்குத்தான் வருகிறது, விரட்ட வேண்டாம். ஒரு வாரம் தீனியை நிறுத்துங்கள். வேறு இடம் பார்த்துக்கொள்ளும். தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு செம்பருத்தித் தொட்டி வைத்தால் சிறிய பறவைகளுக்கு ஓடி ஒளிய இடம் கிடைக்கும்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். போன வருடம் இதே மழையில், பழைய கம்பு மேலேயே புதுக் கம்பைக் கொட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் எல்லாம் பறந்த பிறகும் ஒரு புள்ளிப்புறா மட்டும் தட்டிலேயே இருந்தது. இறகெல்லாம் சிலிர்த்துப் பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு மணியை எடுக்கும், விழுங்க முடியாமல் கீழே விடும், மறுபடி எடுக்கும். அலகோரம் ஈரமாக இருந்தது. மறுநாள் துளசித் தொட்டிக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் கம்பு கட்டியாகி, கறுப்புப் பூஞ்சை பிடித்துப் புளிப்பு வாடை அடித்தது. என் கையால் வைத்த தீனி. இன்னும் மனசு ஆறவில்லை.

புறா இனத்துக்குத் தொண்டையில் வரும் ஒரு நோய் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியால் வருவது. தொண்டைக்குள் மஞ்சளாகக் கட்டி படிந்து இரை இறங்காமல் அடைத்துவிடும். நோயுள்ள பறவை எச்சிலோடு விட்ட மணியை இன்னொன்று தின்றால் அதற்கும் தொற்றிவிடும். பூஞ்சை பிடித்த தானியமும் விஷம்தான்.

அதனால் இப்போதே தட்டைக் காலி செய்யுங்கள். மண் தட்டு ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும்; எவர்சில்வர் தாம்பாளம் நல்லது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, முழு வெயிலில் காய வையுங்கள். காய்ந்தால் அந்த ஒட்டுண்ணி செத்துவிடும். எச்சத்தை நனைத்த பிறகே துடையுங்கள், தூசி மூச்சில் போகக் கூடாது. நோயுள்ள பறவையைப் பார்த்தால் இரண்டு வாரம் தீனியே வேண்டாம். மறுபடி தீனி வைக்கும்போது தினம் இரண்டு ஸ்பூன் போதும்; மிஞ்சியதைச் சாயங்காலமே எடுத்துவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் மனைப் புல் காய்ந்துவிடும், வெட்டியும் விடுவார்கள். அப்போது உங்கள் பால்கனிப் பக்கம் கீச்சுச் சத்தம் கேட்கும். அதுவரை தண்ணீர்த் தொட்டி மட்டும் இருக்கட்டும், தினம் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மாடியில் மாடப்புறா மட்டுமே வருகிறது. முன்பு வந்த சின்னான்கள் (புல்புல்) வருவதே இல்லையே?

– ஒரு வாசகர், அல்சூர்

பதில்: திறந்த தட்டில் நிறையத் தானியம் வைத்தால் மாடப்புறாக் கூட்டம்தான் சேரும், சார். அது இறங்கிவிட்டால் சிறியவை ஒதுங்கிவிடும். தானியத்தை அடியோடு நிறுத்துங்கள். சின்னானுக்குப் பிடித்தது பழம். மெல்லிய கிளையில் பப்பாளித் துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். கனமான புறாவுக்கு அங்கே கால் ஊன்ற முடியாது. கீழே மண் இருந்தால் ஒரு சிங்கப்பூர் செர்ரி நடுங்கள், சீக்கிரமே காய்க்கும். சின்னானோடு, பழம் தின்னும் பச்சைப் பறவையான குக்குறுவானும் வரும்.