பெரிய கணித ஆராய்ச்சியாளர் இளங்கலை வகுப்புக்குப் பாடம் எடுப்பது நேர விரயமா?

கணிதவியலாளர் சி. எஸ். சேஷாத்ரி அப்படி நினைக்கவில்லை. காஞ்சிபுரத்தில் 1932இல் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் படித்து, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தவர். எம். எஸ். நரசிம்மனுடன் 1965இல் அவர் வெளியிட்ட தேற்றம், சமன்பாடுகளை வடிவங்களாகப் பார்த்து ஆராயும் இயற்கணித வடிவியலில் ஒரு மைல்கல். பின்னாளில் பிரிட்டிஷ் கணிதவியலாளர் டொனால்ட்சன் அதற்கு வேறொரு நிரூபணம் தந்தார்.

இந்தப் புகழோடு நின்றிருக்கலாம். ஆனால் சென்னைக்குத் திரும்பி, 1989இல் ஒரு சிறு ஆராய்ச்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்றைய சென்னை கணிதவியல் கழகம். 1998இல் அங்கே இளங்கலைப் படிப்பும் வந்தது. ஆராய்ச்சி செய்பவர்களே முதலாண்டு மாணவர்களுக்கும் பாடம் எடுக்கிறார்கள். நம் நாட்டில் கல்லூரிப் பாடம் ஓரிடம், ஆராய்ச்சி வேறிடம் என்று பிரிந்து கிடப்பதுதான், என் பார்வையில், உண்மையான விரயம்.