கிண்ணத்தை ஊதிப் பாருங்கள், தங்கச்சி

கேள்வி: கிளிநொச்சியில் இரணைமடுப் பக்கம் வயல் செய்யிறம். மகள் தரம் 6. புலமைப்பரிசில் சித்தியடைந்ததுக்கு ஒரு சோடி லவ் பேர்ட்ஸ் வாங்கிக் குடுத்தம். ஒண்டு போன மாதம் செத்துப்போச்சு. மற்றது இப்ப செட்டையை உப்பிக்கொண்டு கூட்டின்ர அடியிலயே இருக்குது. நல்லா மெலிஞ்சும் போச்சு. சாப்பாட்டில குறை வைக்கேல்லை. கிண்ணம் எப்பவும் நிறைஞ்சபடிதான் இருக்குது, மகள் அதைப் பாத்திட்டுத்தான் பள்ளிக்கூடம் போறவள். பகல் முழுக்க வீட்டில கண் வடிவாத் தெரியாத என்ர மாமிதான். ‘குருவி கதைக்கேல்லை’ எண்டு ரெண்டு கிழமையாச் சொல்லிக்கொண்டிருக்கிறா, நாங்கள் அதைக் கணக்கெடுக்கேல்லை. சொல்லச் சொல்லக் கேளாமல் தேத்தண்ணியில தோய்ச்ச பிஸ்கட் வேற குடுக்கிறா. அதாலதான் வருத்தம் வந்ததோ? என்ன விற்றமின் துளி வாங்கலாம்?

– வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, விற்றமின் துளி பிறகு. இதை வாசித்து முடிக்க முன்பே எழும்பிப் போய் அந்தக் கிண்ணத்தை வெளியே எடுத்து, மேலால் ஒருமுறை ஊதிப் பாருங்கள். பறப்பது உமி. அடியில் எத்தனை மணி மிஞ்சுகிறது என்று எண்ணுங்கள்.

‘கிண்ணம் எப்பவும் நிறைஞ்சபடிதான் இருக்குது.’ போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். இந்த வரியை வேறு வேறு கையெழுத்தில் எத்தனையோ தரம் வாசித்துவிட்டேன். சாப்பிடுகிற குருவியின் கிண்ணம் எப்படி எப்பவும் நிறைந்திருக்கும்? நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜி, அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆபிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். பட்ஜி தினையை முழுதாக விழுங்காது. சொண்டால் உருட்டித் தோலை உரித்து, உள்ளிருக்கும் பருப்பை மட்டும் தின்னும். தோல் கிண்ணத்துக்குள்ளேயே விழும். இரண்டு நாளில் மேலே முழுக்க உமி மூடிவிடும். தூர நின்று பார்த்தால் தினை மாதிரியே இருக்கும்.

நீங்கள் வயல்காரர். ஒரு பிடி நெல்லை அள்ளினால் மணி எவ்வளவு, சப்பி எவ்வளவு என்று உள்ளங்கையே சொல்லிவிடும். சுளகில் புடைத்துப் பழகிய கை உங்களுடையது. விதைநெல்லில் சப்பி கலந்து தந்தால் தந்தவனைச் சும்மா விடுவீர்களா? அந்தக் கண்ணை ஏன் கூட்டடிக்குக் கொண்டு போகவில்லை? முதல் குருவி செத்தபோதாவது கிண்ணத்தைக் கொட்டிப் பார்த்தீர்களா? பட்ஜியின் நிறையே 30, 40 கிராம்தான். அந்த உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நாள் முழுப் பட்டினியே அதற்கு ஆபத்து.

இனி மாமியின் கதைக்கு வருவோம். கூட்டமாக வாழும் பறவை வருத்தத்தை வெளியே காட்டாது. காட்டினால் பருந்தின் கண்ணில் முதலில் படுவது அதுதான். செட்டையை உப்பிக்கொண்டு அடியில் குந்துகிறது என்றால், மறைக்கிற சக்தியும் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு முதல் வருகிற அறிகுறி, சத்தம் குறைவது. அந்த வீட்டில் கண் வடிவாகத் தெரிந்த மூன்று பேர் காலையில் கூட்டைத் தாண்டிப் போகிறீர்கள். அது ஓய்ந்து போனதைக் கண்டுபிடித்தது கண் தெரியாத மனிசி. இரண்டு கிழமை முன்னறிவித்தல் தந்தா. நீங்கள் அவவைக் குற்றவாளியாக்கி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

பிஸ்கட் நல்ல சாப்பாடு இல்லைத்தான். சீனி, உப்பு, தேயிலை எதுவும் அந்தக் குருவிக்கு ஆகாது, நிறுத்த வேண்டும். ஆனால் கிண்ணத்தில் உமி இருந்த நாட்களில் இந்தக் குருவியை உயிரோடு இழுத்து வந்தது அந்தத் தோய்ச்ச பிஸ்கட்தான் என்று நான் நினைக்கிறேன். முதலில் மாமியிடம் போய் ‘நீங்கள் சொன்னது சரி’ என்று சொல்லுங்கள். பிறகு பிஸ்கட்டுக்குப் பதிலாகத் துருவிய கரட்டையும் முருங்கை இலையையும் அவவின் கையில் கொடுங்கள். குருவிக்கு ஊட்டுகிற வேலை அவவிடமே இருக்கட்டும்.

மகளைப் பேசாதீர்கள். பதினொரு வயதுப் பிள்ளை, பார் என்றால் பார்க்கும். எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தது யார்? சைக்கிளைப் பரிசாகக் கொடுக்கலாம், மழையில் கிடந்தாலும் துருதான் பிடிக்கும். உயிரைப் பரிசாகக் கொடுத்தால் கொடுத்தவர்களும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். இதில் தகப்பனுக்கும் பங்கு உண்டு. அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் காணவில்லை.

இன்றே குருவியை மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். அரசாங்கப் பணிமனையில் மாடும் ஆடும்தானே பார்ப்பார்கள் என்று நிற்க வேண்டாம். துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் துணி விரித்து வைத்து, காற்றுப் படாமல் கொண்டு போங்கள். புதிதாக விழுந்த எச்சத்தையும் ஒரு கடதாசியில் எடுத்துப் போங்கள். மெலிவுக்கு வேறு நோயும் காரணமாக இருக்கலாம், அதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கோழிக்கு வாங்கின மருந்தை நீங்களாகக் கரைத்துப் பருக்காதீர்கள். சொண்டைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், சுவாசக் குழாய்க்குள் போய்விடும். தினையையும் தண்ணீரையும் தட்டையான மூடிகளில் அதன் காலடியிலேயே வையுங்கள். இரவில் கூட்டின் மூன்று பக்கத்தையும் துணியால் மூடி, சூடாக வைத்திருங்கள்.

பிழைத்து எழும்பினால், தினமும் காலையில் கிண்ணத்தை முழுதாகக் கொட்டி, கழுவித் துடைத்து, புதுத் தினையும் சாமையும் கலந்து இரண்டு தேக்கரண்டி போடுங்கள். மேலால் நிரப்புகிற பழக்கம் இனி வேண்டாம். சூரியகாந்தி விதை கொழுப்பு, எப்போதாவது ஒன்றிரண்டு போதும். விதை மட்டுமே தின்னும் பட்ஜிக்கு விற்றமின் ஏ, அயடீன், கல்சியம் மூன்றும் குறையும். நீங்கள் கேட்ட துளியைத் தண்ணீரில் விட்டால் நம்முடைய வெக்கைக்கு அது கெதியாகக் கெட்டுப்போகும், ருசி மாறினால் குருவி தண்ணீரையே குடிக்காமல் விடும். உங்கள் வேலியில் நிற்கிற முருங்கை அதைவிட நல்லது. இலையைக் கழுவி ஈரத்தோடு கூட்டுக் கம்பியில் கட்டிவிடுங்கள், மத்தியானத்துக்கு முதல் எடுத்துவிடுங்கள். முதல் நாட்களில் திரும்பியும் பார்க்காது. கிழமைக்கணக்கில் விடாமல் வைக்க ஒரு நாள் கொத்திப் பார்க்கும். கொத்தமல்லி இலையும் கொடுக்கலாம், கிழமைக்கு ஒருமுறை அவித்த முட்டையில் ஒரு துண்டு கொடுக்கலாம். பட்டர் புரூட்டைக் கிட்டவும் கொண்டு வராதீர்கள், அது பறவைக்கு நஞ்சு.

கல்சியத்துக்குக் கடை தேட வேண்டாம். முல்லைத்தீவுக் கரையில் சொந்தம் யாரும் இருந்தால் கணவாய் ஓடு பொறுக்கித் தரச் சொல்லுங்கள். உப்புப் போகச் சில நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்துக் கூட்டில் செருகினால் அதுவே கொத்திக்கொள்ளும். பிளாஸ்டிக் தடியைக் கழற்றிவிட்டு வேப்பங் கொப்பும் கொய்யாக் கொப்பும் மொத்தமும் மெல்லிசுமாகப் போடுங்கள், காலில் புண் வராது.

கூடு எங்கே தொங்குகிறது என்று எழுதவில்லை. குசினியில் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். விறகுப் புகையும் நுளம்புத்திரியும் அந்தச் சின்னச் சுவாசப்பைக்குத் தாங்காது. நொன்-ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்தால் வருகிற ஆவி சில நிமிடத்திலேயே குருவியைக் கொன்றுவிடும். தகரக் கூரைக்குக் கீழே என்றாலும் மாற்றுங்கள். சோளகக் காலத்து வெயிலில் வாயைப் பிளந்து செட்டையை அகட்டி வைத்திருந்தால் அது வெக்கையில் தவிக்கிறது. காட்டில் என்றால் நிழலுக்குப் பறந்துவிடும், கூட்டுக்குள் எங்கே பறக்கும்? நீங்கள் குடிக்கிற தண்ணீரையே வையுங்கள், வெயில் நாளில் இரண்டு தரம் மாற்றுங்கள்.

ஒரு சின்ன இலத்திரனியல் தராசு வாங்கி, காலையில் மகளைக் குருவியை நிறுத்துக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மூன்று நான்கு கிராம் குறைந்தாலே அது பெரிய குறைவு.

மாமிக்குக் கண் தெரியாது என்று எழுதினீர்கள், ஏன் தெரியாது என்று எழுதவில்லை. வயது போனால் அப்படித்தான் என்று விட்டுவிட்டீர்களா? புரை என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே காசில்லாமல் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். இந்தக் கிழமைக்குள் அவவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அடுத்த கடிதத்தில் குருவியின் நிறையோடு மாமியின் கிளினிக் திகதியையும் எழுதுங்கள்.