மைக் ஓல்ட்ஃபீல்டின் ஆரம்ப நாட்கள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சார், பிரிட்டிஷ் இசைக்கலைஞர் மைக் ஓல்ட்ஃபீல்டின் ‘டியூபுலர் பெல்ஸ்’ (குழாய் மணிகள்) ஆல்பத்தில் எல்லா வாத்தியங்களையும் அவர் ஒருவரே வாசித்தார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: முக்கால்வாசி உண்மை. கிட்டார், பேஸ், பியானோ, ஆர்கன், குழாய் மணி எல்லாம் அவர் கைதான். ஆனால் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் வரும் டிரம்ஸ் ஸ்டீவ் பிராட்டனுடையது, புல்லாங்குழல் ஜான் ஃபீல்ட். கோரஸில் அக்கா சாலியும் உண்டு. ‘ஒரே ஆள்’ கதை சொல்ல நன்றாக இருக்கிறது, அதனால் பரவிவிட்டது.

கேள்வி: அதற்கு முன் யாரிடமாவது வாசித்தாரா?

பதில்: 1953-இல் ரெடிங் நகரில் பிறந்தவர். பதினைந்து வயதில் அக்காவோடு ‘தி சாலியாஞ்சி’ என்ற பெயரில் நாட்டார் பாணிப் பாடல்கள், ஒரு ஆல்பம். 1970-இல் கெவின் ஏயர்ஸ் என்ற ஆங்கிலப் பாடகரின் குழுவில் பேஸ் வாசிக்கச் சேர்ந்தார். எனக்கு முக்கியமாகப் படுவது லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் நடந்த அந்தக் குழுவின் ஒலிப்பதிவுகள். மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய், ஸ்டுடியோவில் கிடந்த ஹார்ப்சிகார்ட், மெல்லோட்ரான் போன்ற கீபோர்டு வாத்தியங்கள், தாள வாத்தியங்களை எல்லாம் தொட்டுப் பார்ப்பாராம். பல வாத்தியக்காரர் ஆனது அப்படித்தான்.

கேள்வி: வீட்டிலேயே டெமோ (மாதிரிப் பதிவு) பதிந்தார் என்று படித்தேன். ஒரே டேப் ரெக்கார்டரில் எப்படி அண்ணா? நானும் வீட்டில்தான் பதிகிறேன்.

பதில்: நல்ல கேள்வி தம்பி. ஏயர்ஸிடம் இரவல் வாங்கிய ‘பியோகார்ட்’ டேப் ரெக்கார்டர் அது. டேப் ஓடும்போது பழைய ஒலியை அழிக்கும் ஹெட் முதலில் வரும், பதியும் ஹெட் அடுத்து. அழிக்கும் ஹெட்டை ஓர் அட்டைத் துண்டால் மறைத்துவிட்டார். அப்புறம் என்ன, பழையதன் மேலேயே புதியது ஏறிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், ஒரு இடத்தில் தப்பாக வாசித்தாலும் அடியில் இருந்ததும் சேர்ந்து பாழ். அடுக்கு ஏற ஏறப் பழைய ஒலி மங்கவும் செய்யும். கணினியில் ‘அன்டூ’ அழுத்தும் நமக்கு அந்தப் பதற்றம் புரியாது.

கேள்வி: மிருதங்கம் கற்கிறேன். ஆல்பத்தின் தொடக்கத்தில் வரும் பியானோவுக்குத் தாளம் போட்டால் இடறுகிறது.

பதில்: ஏழு தட்டு, அப்புறம் எட்டு, மறுபடி ஏழு என்று போட்டுப் பாருங்கள். சுற்றுக்குப் பதினைந்து. எட்டெட்டாகப் போனால் ஒரு தட்டு தவறும்.

கேள்வி: ரெக்கார்ட் கம்பெனிகள் அவரைத் திருப்பி அனுப்பியது ஏன்?

பதில்: பாட்டும் இல்லை, சிங்கிளாக (தனிப்பாட்டு வெளியீடாக) வெட்டவும் முடியாது, யாரிடம் விற்பது? கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ரிச்சர்ட் பிரான்சன் நடத்திய மேனர் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர்கள் டாம் நியூமனும் சைமன் ஹேவொர்த்தும் டெமோவைக் கேட்டுப் பிடித்துப்போய்விட, 1972 நவம்பரில் ஒரு வாரம் கிடைத்தது. அதில் முதல் பக்கம் முடிந்தது. முன்னதாகப் பதிவுக்கு வந்திருந்த இசைக்கலைஞர் ஜான் கேலுக்காக வாடகைக்கு எடுத்த வாத்தியங்களைத் திருப்பி ஏற்றிக்கொண்டிருந்தபோது, குழாய் மணியை மட்டும் விட்டுப்போகும்படி ஓல்ட்ஃபீல்ட் சொன்னாராம். சத்தம் போதவில்லை என்று இரும்புச் சுத்தியலால் அடித்ததில் மணியே சேதமானது. அட்டைப்படத்தில் வளைந்த குழாய் வந்த கதை அதுதான். 1973 மே 25-இல் பிரான்சனின் வர்ஜின் இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடாக வந்தது. அவருக்கு அப்போதுதான் இருபது முடிந்திருந்தது.

கேள்வி: மேடையில் எப்படி?

பதில்: மேடை என்றாலே நடுக்கம். 1973 ஜூன் 25, லண்டன் குயின் எலிசபெத் ஹால். மாட்டேன் என்று அடம்பிடித்தவரிடம் தன் பென்ட்லி காரைத் தருகிறேன் என்று பிரான்சன் சொல்லித்தான் மேடையேற்றினார். மிக் டெய்லர், ஸ்டீவ் ஹில்லேஜ் போன்ற கிட்டார் கலைஞர்கள் கூட வாசித்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, அவருக்கோ திருப்தியில்லை. அடுத்த சில வருடங்கள் கிராமப்புறத்தில் ஒதுங்கிவிட்டார். சொந்தக் குழுவோடு பெரிய சுற்றுப்பயணம் போனது 1979-இல்தான். தந்தி வாத்தியங்கள், பாடகர் குழு என்று மேடை நிறைய ஆட்கள், கையில் நஷ்டம்.